உத்திர வீதி வாசகருக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் நாலு பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது. விளிம்பு விடாமல் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் காப்பி டம்ளர் வைத்த வட்டமும் இருக்கிறது. பொன்மலைப் பணிமனையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் என்று நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தாலும், ஒவ்வொரு குறைக்கும் எண் போட்டிருக்கும் ஒழுங்கை வைத்து ஊகித்திருப்பேன்.

ரத்த அழுத்தத்தைப் பற்றிப் போன இதழில் நான் எழுதியது உங்களுக்குப் பிடிக்கவில்லை. உத்திர வீதியில் உங்கள் வீட்டுக்கு ஒரு பெண் கையில் கருவியோடு வந்து, "ஐயா, பிரஷர் பார்க்கணும்" என்று நின்றது அதைவிடப் பிடிக்கவில்லை. கூப்பிடாமல் வந்தாள் என்பது முதல் குறை. சுவருக்குச் சுவர் "உப்பைக் குறையுங்கள்" என்று எழுதி வைப்பது இரண்டாவது. உங்கள் அப்பா எண்பத்தெட்டு வயது வரை வடுமாங்காயைத் தொட்டுக்கொண்டுதான் தயிர்சாதம் சாப்பிட்டார், ஒரு மாத்திரை போட்டதில்லை என்பது மூன்றாவது. உப்புக்காகச் சிறைக்குப் போன ஊரில் வந்து உப்பைக் குறை என்பதா என்று நாலாவது. ஐந்தாவதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்: அரசாங்கம் தெருவைப் பார்த்துக்கொள்ளட்டும், சமையலறையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த இரண்டு கோட்டுக்காகத்தான் இந்தப் பதில். அந்த வரியில் பாதி எனக்கும் சம்மதம். மீதிப் பாதியோடு சண்டை போட உங்கள் நாலாவது குறையிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதி.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்குக் கிளம்பிய உப்பு யாத்திரை திருச்சி கண்டோன்மென்ட்டில் ஒரு டாக்டர் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டது. தி. சே. சௌ. ராஜன். 1880-இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர், உங்கள் ஊர்க்காரர். ராயபுரத்தில் மருத்துவம் படித்து, பர்மாவுக்குப் போய், பிறகு இங்கிலாந்து போய் அங்கே வரகனேரி வ. வே. சு. ஐயரோடு, புரட்சிக்காரர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் சேர்ந்து திரிந்து, திரும்பி வந்து இங்கே வைத்தியம் பார்த்தவர். "நினைவு அலைகள்" என்று சுயசரிதை எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிரதி இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இது வரை உங்கள் பக்கம். ஆனால் அதே ராஜன் 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் பொதுச் சுகாதாரத்துக்கு மந்திரி ஆனார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் 1939-இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம் அது. இன்றும் தமிழ்நாட்டில் அதுதான் நடப்பில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பாருங்கள். குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், கொசு, தொற்றுநோய், தாய்சேய் நலம், சத்திரங்கள், உணவு என்று ஒவ்வொன்றாக வரும். கெட்டுப்போன கிணற்றை மூடச் சொல்லலாம். அது உங்கள் கொல்லைக் கிணறாக இருந்தாலும்தான். கொசு முட்டையிடும் தொட்டியைக் காலி செய்யச் சொல்லலாம். வீட்டில் ஒருவருக்கு அறிவிக்க வேண்டிய நோய் வந்தால் மறைக்கக் கூடாது. உள்ளாட்சிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கியாக வேண்டும். உப்பு எடுக்கக் கிளம்பிய வீட்டுக்காரர்தான் அரசாங்கம் உங்கள் கொல்லைக்குள் வருவதற்குச் சாவியும் செய்து கொடுத்தார். இதில் எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. 1930-இல் அவர்கள் எதிர்த்தது ஏழை வாங்கும் உப்பின்மேல் வெள்ளைக்காரன் போட்ட வரியை.

அந்தச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. மந்திரி ஸ்ரீரங்கத்துக்காரர் என்பதால் அது வந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, சொல்ல ஆதாரமில்லை. ஆனால் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதன் அவசியத்தை யாரும் விளக்கியிருக்க வேண்டாம். லட்சக்கணக்கான பேர், ஒரு தீவு, இரண்டு பக்கமும் ஆறு, ஆற்றிலேயே குளியல், ஆற்றிலிருந்தே குடிநீர். காலரா ஊர் ஊராகப் போவதற்குப் பழைய நாளில் யாத்திரைப் பாதையைவிட வசதியான பாதை இருந்ததில்லை. இன்று சொர்க்கவாசல் திறப்பு முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர் மடியில் பிரசாதம் மட்டும்தான் இருக்கிறது. எப்படி? விடியற்காலை ஒரு சுகாதார ஆய்வாளர் குழாயடியில் குனிந்து, கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, அது மஞ்சளாகிறதா என்று பார்க்கிறாரே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. அவ்வளவுதான் வேலை. தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று அவரைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும், நானும் திட்டியிருக்கிறேன்.

ஆக, தெரு அரசாங்கத்துடையது என்பதில் நமக்குள் தகராறு இல்லை. தகராறு, தெரு எங்கே முடிகிறது என்பதில்.

கழிப்பிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட அந்தரங்கமான விஷயம் உண்டா? திருச்சியில் குடிசைப் பகுதிகளுக்கு மாநகராட்சி கட்டிக் கொடுத்த பொதுக் கழிப்பிடங்கள் பல வருஷம் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இருக்காது, கதவு இருக்காது, விளக்கு இருக்காது. சுவரில் மட்டும் "சுத்தம் சுகம் தரும்" என்று இருக்கும். பெண்கள் இருட்டும் வரை காத்திருந்தார்கள். பிறகு கிராமாலயா, ஸ்கோப் போன்ற அமைப்புகள் மாநகராட்சியோடு பேசி, அந்தக் கட்டடங்களைப் பழுதுபார்த்து, அந்தந்தத் தெருப் பெண்களின் குழுக்களிடமே ஒப்படைத்தன. வாசலில் ஒரு பெண் நோட்டும் டோக்கனுமாக உட்கார்ந்தார். ஒரு தடவைக்குச் சில்லறைக் காசு. அந்தக் காசில் பினாயில், மோட்டார் ரிப்பேர், கூட்டுகிறவருக்குச் சம்பளம். மிச்சமிருந்தால் தெருவுக்கு ஏதாவது. 2002-இல் கல்மந்தை, நாட்டிலேயே திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத முதல் குடிசைப் பகுதி என்று பெயர் வாங்கியது. முசிறியில் ஸ்கோப் கட்டிய சூழல் கழிப்பிடத்தில் ஒரு கட்டத்தில் உள்ளே போய் வருகிறவருக்கே பத்துப் பைசா கொடுத்தார்கள், கழிவு உரமாகிறதே என்று. ஸ்கோப்பின் சுப்புராமனுக்கு 2021-இலும், கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. நடுவே 2015-இல் மத்திய அரசின் தூய்மைப் பட்டியலில் திருச்சி இரண்டாவதாக வந்தது, அடுத்த வருஷம் மூன்று, அதற்கடுத்த வருஷம் ஆறு. பட்டியலில் ஏறியதையும் இறங்கியதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பெண்ணின் நோட்டுப்புத்தகம்தான் எனக்குப் பெரிது.

ஏனென்றால் அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட்டார்கள், பல்பு மாட்டினார்கள், தண்ணீர் வர வைத்தார்கள். புத்தி சொல்வது அதற்குப் பிறகு ரொம்பச் சுலபமாகிவிட்டது. உங்கள் இரண்டாவது குறையை நான் ஏற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான். சுவரில் எழுதுவது இருக்கிறதிலேயே மலிவான வேலை. வாளி பெயின்ட்டில் முடியும், புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். கட்டிக் கொடுக்க முடியாததை எழுதிப் போடும் பழக்கம் நம் அலுவலகங்களுக்கு உண்டு. நோயாளியின் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடும் தந்திரமாகவும் அது ஆகிவிடுகிறது: சொன்னோமே, நீ கேட்கவில்லை.

என் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

திருவானைக்காவலில் எங்கள் வீடு. அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது என்று பக்கவாதம் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே தெரியும். காசு கொடுத்துப் பார்த்த இடம்தான். டாக்டர் சீட்டில் மாத்திரை எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில் "சால்ட் ரெஸ்ட்ரிக்டட் டயட்" என்று ஒரு வரி எழுதினார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை; வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அம்மா அன்றிலிருந்து சாதத்தில் உப்புப் போடுவதை நிறுத்தினாள். உப்பில்லாத சாதம் இறங்கவில்லை என்று இரண்டு அப்பளமும் ஒரு மோர்மிளகாயும் கூடச் சேர்த்துக்கொண்டாள். சொன்னதைக் கேட்டுவிட்ட திருப்தியோடுதான் சாப்பிட்டாள். மாத்திரையும் அதே கதை. "தலை சுத்தினா போட்டுக்கறேன், சும்மா இருக்கறப்போ எதுக்கு?" ஒரு மாதத்து அட்டை மூன்று மாதம் வந்தது. பணம் மிச்சம் என்று ஒரு பெருமை. நானும் படித்தவள்தான், அட்டையை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மார்கழி விடியலில் வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். இடது கையால் கோலம் போடப் பழகினாள், ஆனால் சிக்குக் கோலம் வரவில்லை. கோடு இழுத்துக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் கை நின்றுவிடும். ஏன் ஒழுங்காக மாத்திரை போடவில்லை என்று எல்லா டாக்டர்களும் அவளைக் கேட்டார்கள். என்ன பதில் சொல்வாள்? தலை சுற்றவே இல்லையே.

பிரஷரின் சூது இதுதான். பல்வலி மாதிரி வந்து உட்காராது. வலிக்காத நோய்க்கு மாதாமாதம் நடந்து போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்குங்கள் என்றால் வேலை வெட்டி உள்ளவர் எத்தனை மாதம் போவார்? தமிழ்நாட்டில் 2020-இல் தொற்றா நோய்களைப் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் 18 வயதிலிருந்து 69 வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. மூன்றில் ஒருவர். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். நூறு நோயாளிகளில் ஏழு பேர், ஐயா. ஆஸ்பத்திரிகள் இருந்தன, மாத்திரை இலவசமாக இருந்தது, சுவரெழுத்தும் இருந்தது.

வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் அதற்குப் பிறகு வந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். ஒரு கோடியாவது பயனாளிக்கு முதலமைச்சர் மாத்திரைப் பை கொடுத்தது 2022 டிசம்பர் கடைசியில், நம் மாவட்டத்துச் சன்னாசிப்பட்டியில். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் வந்தது. விருதும் கோடியும் மேடைக்கு நல்லது. எனக்கு அந்தத் திட்டத்தில் பிடித்தது வேறு: வருகிறவள் அதே வட்டாரத்துச் சுய உதவிக் குழுப் பெண். அடுத்த மாதமும் அவளே வருவாள். போன தடவை கொடுத்த அட்டையில் எத்தனை மிச்சம் என்று கேட்பாள். நான் எண்ணாமல் விட்ட அட்டையை எண்ணுவதற்காக ஒரு ஆள்.

கூப்பிடாமல் வந்தாள் என்கிறீர்கள். கூப்பிட்டால்தான் வருவேன் என்றால் அவள் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

அந்தப் பை உங்கள் திண்ணைக்கு வந்ததற்குப் பின்னால் நீளமான கதை இருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன். யுத்த நடுவே 1943-இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் இல்லாமல் போகக் கூடாது, நோய் தீர்ப்பதும் நோய் தடுப்பதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு கை என்று 1946-இல் அறிக்கை கொடுத்தார்கள். பிரிட்டன் 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவிட்டது. இங்கே அறிக்கை அலமாரிக்குப் போனது. ஆனாலும் தமிழ்நாடு இரண்டு காரியத்தைச் செய்தது. பொதுச் சுகாதாரத்துக்கு மருத்துவமனைகளோடு கலக்காமல் தனி இயக்குநரகத்தை விடாமல் வைத்துக்கொண்டது ஒன்று. அது இல்லையென்றால் ஆபரேஷன் தியேட்டருக்கும் கொசு மருந்துக்கும் ஒரே கல்லாவில் சண்டை வந்து, கொசு ஜெயித்திருக்கும். 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் ஏற்படுத்தி, மாநிலம் முழுமைக்கும் மாத்திரையை ஒரே இடத்தில் மொத்தமாக, மலிவாக வாங்கியது இன்னொன்று.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். எண்பத்தெட்டு வயது, வடுமாங்காய், மாத்திரை இல்லை. நம்புகிறேன். லண்டனில் ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர் 1985-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் வீதிக்கு மாற்றிச் சொல்கிறேன். பிரஷர் எக்கச்சக்கமாக உள்ளவர் பத்துப் பேர், கொஞ்சம்போலக் கூடியிருப்பவர் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் ஒவ்வொருவருக்கும் ஆபத்து அதிகம்தான். ஆனால் இருபது வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் படுக்கையில் விழுந்தவர்களில் அதிகம் பேர் ஐம்பதிலிருந்து வந்திருப்பார்கள், அங்கே தலைகள் அதிகம் என்பதால். அதே சமயம் அந்த ஐம்பதில் பெரும்பாலானோர் உப்பைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாமல்தான் இருந்திருப்பார்கள். உங்கள் அப்பா அவர்களில் ஒருவர். ஊருக்கு நிறைய லாபம் தருவது ஒரு தனி ஆளுக்குக் கண்ணில் தெரிகிற லாபம் தராது. உங்கள் எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது என்று ரோஸ் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனாலும் குறைக்கத்தான் சொல்லியிருப்பார்.

சரி, சமையலறை. பிரிட்டன்காரர்கள் உப்பைக் குறைத்த கதை சுவாரஸ்யமானது. 2003-ஐ ஒட்டி அவர்கள் ரொட்டிக் கம்பெனிகளையும் டப்பா உணவுக்காரர்களையும் பிடித்து, வகைக்கு வகை அளவு நிர்ணயித்து, நாக்குக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு 9.5 கிராமாக இருந்தது 2011-இல் 8.1 ஆனது. ஒரு இல்லத்தரசியும் தன் உப்பு ஜாடியைத் தொடவேண்டியிருக்கவில்லை. அங்கே அது நடக்கும். அவர்கள் தின்னும் உப்பில் முக்கால்வாசி கடையிலிருந்து ஒளிந்து வருவது. நம்முடையது பெரும்பாலும் நம் கை அள்ளிப் போடுவது. குழம்பு, ரசம், மோர், துவையல், ஊறுகாய், வடாம். எந்தக் கம்பெனியைப் பிடிப்பது? உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு ஐந்து கிராமுக்குள், மட்டமாக ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டுப் புளியோதரையில் அது மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

அதனால்தான் நீங்கள் கோடு போட்ட இடத்தில் கோடு நிற்பதில்லை. உப்பு வகையையே மாற்றிப் பார்க்கலாம். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21 ஆயிரம் பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். சமையலை மாற்றச் சொல்லவில்லை. 2021-இல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த உப்பைப் பரிந்துரைத்தது. நமக்கு இது புதிதல்ல என்றால் நம்புவீர்களா? 2014-இல் தமிழ்நாடு உப்புக் கழகம் அம்மா உப்பு என்று மூன்று வகை கொண்டுவந்தபோது அதில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. மூன்றில் அதுதான் விலை கூடியது. யார் வாங்க வேண்டுமோ அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, சுவரில் எழுதப் போய்விட்டோம். அதை ரேஷன் கடைப் பலகையில் சாதாரண உப்பின் விலைக்கு வைத்தால் என்ன என்று கேட்டு நீங்கள் எனக்கு எழுதியிருந்தால் நாலு பக்கமும் நானே அச்சில் போட்டிருப்பேன். ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஆகாது. டாக்டரைக் கேட்காமல் மாற்றிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தில் நீங்கள் கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் தன்னார்வலர் என்று பெயர். கொடுப்பதற்கும் ஊக்கத்தொகை என்று பெயர். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவது, கருவி தூக்குவது, செயலியில் பதிவது, உங்களைப் போன்றவர்களிடம் பேச்சு வாங்குவது, இத்தனைக்கும் சம்பளம் என்ற சொல்லைப் பயன்படுத்த அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. கழிப்பிட வாசலில் உட்கார்ந்த பெண்ணுக்கும் இதேதான். நாட்டின் பொதுச் சுகாதாரம் பெண்களின் "ஆர்வத்தில்" ஓடுகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவள் எத்தனை மணிக்கு வந்தாள், செருப்பை எங்கே கழற்றினாள், மாமி அவளுக்கு மோர் கொடுத்தது, கருவிப் பட்டை உங்கள் கையை எவ்வளவு இறுக்கியது, எல்லாம் இருக்கிறது. கருவி என்ன காட்டியது என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு? அடுத்த கடிதத்தில், முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்
திருவானைக்காவல்